அண்ணன் பொத்திப் பார்க்காத வண்டி

என் அண்ணனை ஊரில் மூக்குக்காரர் என்பார்கள். அவர் முகத்தில் இருந்தது சாதாரண மூக்குதான். அவர் வைத்த மூக்குகளால் வந்த பெயர் அது. காட்டுப் பாதையிலும் ஆற்றிலும் இறங்கும் ஜீப்புகளுக்கு ஸ்நார்க்கல் பொருத்துவது அவர் தொழில். பானெட்டின் பக்கத்திலிருந்து கிளம்பி, முன்கண்ணாடி ஓரமாகக் கூரை வரை ஏறும் கறுப்புக் குழாய் அது. வண்டி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலும் எஞ்சின் கூரை உயரத்தில் மூச்சு வாங்கும். பட்டறையில் அதற்கு மூக்கு என்றுதான் பெயர்.

பாதி நாள் அளப்பதிலேயே போய்விடும். பக்கத் தகட்டில் காகித அச்சை ஒட்டுவார், எடுப்பார், மறுபடி ஒட்டுவார். வண்டிக்காரர் பொறுமை இழந்து, "என்னண்ணே, பொண்ணுக்கு மூக்குத்தி குத்தறதுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாதே" என்றால், "பொண்ணுன்னா அழுது சொல்லிடும். இது சொல்லாதே" என்பார். பிறகுதான் தகட்டில் துளை போடுவார். துளை வழியாகக் குழாயை ஏர் ஃபில்டர் பெட்டியோடு இணைத்து, பெட்டியின் ஒவ்வொரு இடுக்கையும் பசை வைத்து அடைப்பார்.

கடைசியாக ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் மேல் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்துவார். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் வேலை சுத்தம். நிற்காமல் ஓடினால் வேறெங்கோ காற்று புகுகிறது, தண்ணீரும் அதே வழியில் புகும். எஞ்சின் செத்த பிறகுதான் அண்ணன் சிரிப்பார். பொத்திப் பார்க்காத வண்டி எதுவும் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை.

பட்டறையில் பாதி வெல்டருடையது. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் சிநேகிதர்கள். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் திருமணத்தில் பந்தியைக் கவனித்தவர் வெல்டர். எனக்கு அவர் இன்னொரு அண்ணன்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அண்ணன் வலது கை முறிந்து கட்டுப் போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் மூக்கு வைத்தவரின் சொந்த ஜீப் அதுவரை மூளியாகத்தான் நின்றது. வெல்டர் அந்த ஜீப்பை ஓட்டிப்போய், இரண்டாம் நாள் மாலை பளபளப்பான ஸ்நார்க்கலோடு கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் ஒரு குழந்தையைப் போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அந்த வாரமே ஓடை பெருகி, அக்கரையில் குவாரித் தொழிலாளர் குடியிருப்பு துண்டுபட்டுப் போனது. முந்தின நாள்தான் கட்டு பிரித்த கையோடு அண்ணன் கிளம்பினார். கரையில் பெருங்கூட்டம். வெல்டரும் நின்றிருந்தார், அவரிடம் வண்டி கொடுத்தவர்கள் சிலரும் இருந்தார்கள். நான் அண்ணிக்குப் பக்கத்தில் நின்றேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வழக்கம்போலக் குழாயின் வாயருகே கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்திவிட்டு வெல்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் முடிச்சிட்டேல்ல மச்சான்?"

"அது எப்பவோ முடிஞ்சிருச்சு. நீ கிளம்பு."

அண்ணன் சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். "உன் வேலைய நான் பொத்திப் பாத்தா நாளைக்கு எவன் உன்கிட்ட வண்டி விடுவான்?" என்று எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

போகும்போது தண்ணீர் சக்கர உயரம்தான். ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பானெட் வரை ஏறிவிட்டது. நடு ஓடையில் எஞ்சின் ஒரு வெட்டு வெட்டி நின்றது. கயிறு போட்டு எல்லோரையும் கரையேற்றினார்கள். கடைசியாக இறங்கிய அண்ணனின் இடது கால், புரண்ட ஜீப்புக்கும் பாறைக்கும் நடுவே சிக்கியது. அதன்பின் அந்தக் கால் கிளட்சை மிதிக்கவே இல்லை.

பட்டறையிலும் தண்ணீர் புகுந்திருந்ததால் ஜீப்பை எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்து போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, அண்ணி அடுக்களையில் இருந்தபோது, அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பருகே போனார். பானெட்டைத் தூக்கச் சொன்னார். பக்கத் தகட்டின் உட்புறத்தில் கையை விட்டுத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

வழவழப்பான முழுத் தகடு. துளையே இல்லை. வெளியே ஸ்நார்க்கல் நாலு திருகாணியில் நின்றது. உள்ளே எதோடும் சேரவில்லை. எஞ்சின் பழைய இடத்திலேயே, பானெட்டுக்குக் கீழே, மூச்சு வாங்கியிருக்கிறது.

"அவசர வேலை ஏதாவது வந்திருக்கும். அப்புறமா போட்டுக்கலாம்னு விட்டிருப்பான்" என்றார்.

"கரையில நின்னாரே அண்ணா. அப்ப சொல்லியிருக்கலாமே."

அவர் பானெட்டை இறக்கிப் பூட்டினார். "யார்கிட்டயும் சொல்லாதம்மா, உங்க அண்ணிகிட்டகூட. அவனே வந்து சொல்லட்டும்."

ஊர் வேறு மாதிரி பேசியது. ஊர் வண்டிக்கெல்லாம் மூக்கு வைத்தவர், சொந்த வண்டியில் கோட்டை விட்டுவிட்டார் என்றார்கள். கை முறிந்திருந்தது யார் நினைவிலும் இல்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வெல்டர் பக்கம் போனார்கள். அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டார். வெல்டரின் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்திருந்தால் போதும், அண்ணனின் பெயர் திரும்பியிருக்கும்.

ஞாயிறுதோறும் வெல்டர் வந்தார். அண்ணி டீ போட்டுக் கொடுப்பாள். அண்ணன் மெதுவாகக் கதவைத் திறந்துவைப்பது போலக் கேட்பார்:

"ஏன் மச்சான், அன்னைக்கு வண்டி ஏன் நின்னிருக்கும்?"

"தண்ணி அப்படி வந்துச்சு. யார் என்ன பண்ண முடியும்? வண்டிய என்கிட்ட குடுத்துரு, பிரிச்சுப் பாத்துர்றேன்."

"இருக்கட்டும்டா."

பானெட் சாவி அண்ணனின் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படியே வருடங்கள் போயின. சென்ற மாதம், சவரம் செய்துகொள்ளாத ஒரு செவ்வாய்க்கிழமை, நெஞ்சு வலி என்றார். அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டு போகும்போது முன்னால் தோள் கொடுத்தவர் வெல்டர். எல்லோரையும்விட அதிகம் அழுதவரும் அவர்தான். "தங்கமான வேலைக்காரன். சொந்த வண்டியிலதான் சறுக்கிட்டான்" என்று யாரோ சொன்னபோது, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின், போன ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வந்தார்.

"தங்கச்சி, அந்த ஜீப்பை நான் எடுத்துக்கறேனே. அவன் ஞாபகமா பட்டறையில நிக்கட்டும்."

நான் சாவியை எடுத்துவந்து பானெட்டைத் திறந்தேன்.

"உள்ள கைய விட்டுப் பாருங்க."

அவர் விடவில்லை. பார்க்கவும் இல்லை. "அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு எனக்கு வாராவாரம் டீ குடுத்தான்?"

"நீங்க சொல்வீங்கன்னு."

அவர் ஜீப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். இத்தனை நாளாக நானும் அண்ணனைப் போலவே காத்திருந்திருக்கிறேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேற யாருக்காவது இது தெரியுமா, தங்கச்சி?"

நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின்னால் அண்ணி டீத் தம்ளரோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு வந்து, பானெட்டுக்குள் கையை விட்டுத் தகட்டைத் தடவினாள். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. பிறகு டீயை மண்ணில் ஊற்றிவிட்டு, வெறும் தம்ளரோடு உள்ளே போனாள்.