துக்கமணிக்கு முன்

முருங்கனில் பஸ் ஏறியபோது அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேட்டு, கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கைகள். கடற்கரைக் கிராமமொன்றில் மாதா கோயிலைப் பராமரித்து மணியடிக்கும் சங்கிலித்தாம் வேலை என்றார். போனை லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அடிக்கடி அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினார்.

மன்னார்ப் பாலத்தை நெருங்கியதும் பஸ் மெதுவானது. இரு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. தூரத்துப் பூநாரைகள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் நிற்கின்றனவா என்று தெரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் என் போனில் ஒரு படம் வந்தது. கவிழ்ந்த படகு, மணலில் ஒருவரின் உடல். ‘எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று கீழே எழுதியிருந்தது.

அவரும் பார்த்துவிட்டார்.

“இந்த மனிசன்ர வீட்டில தெரியுமோ?”

“தெரியாது ஐயா. தெரியவரட்டும் எண்டுதானே அனுப்புறது.”

“ஊரில ஆரும் செத்தா, வீட்டுக்கு ரெண்டு பேர் போய்ச் சொல்லிப்போட்டு வாற மட்டும் நான் துக்கமணிக் கயிற்றில கை வைக்கிறேல்லை. தாய் அதை மணியில கேக்கக்கூடாது பாருங்கோ. பொலிசுக்கு மட்டும் காட்டுங்கோ.”

ஓம் என்று தலையாட்டினேன். அவர் கேட்பதற்கு முன்பே மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டிருந்ததைச் சொல்லவில்லை. அவர் இறங்கியதும் அழிக்கப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்திருந்தது.

படத்திலிருந்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கே துக்கமணி கேட்டாலும் அந்த இறந்தவரின் வீட்டு வாசலை நினைத்துக்கொள்கிறேன். அங்கே முதலில் போய்ச் சேர்ந்தது சொல்லப் போன இரண்டு பேரா, நானா?