துரை கப்பின் மேல் கை வைத்தபோது

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. நைனா அங்கே ஒரு கம்பெனியில் தற்காலிக ஃபிட்டர். இங்கிலாந்திலிருந்து மிஷின் பூட்ட வந்திருந்த துரை ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரமாகிவிடும். சொல்லாவிட்டால் மிஷின் ஓடத் தொடங்கியதும் நைனா வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அந்தத் துரைதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவதாகச் சொல்லிவிட்டார். நைனா ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டிருக்கிறார், அவர் நிஜமென்றே எடுத்துக்கொண்டுவிட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, ஊட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். சும்மாவே அளப்பார், இப்போது கேட்கவா வேண்டும்? கடன் வாங்கி வந்த பீங்கான் கெட்டிலை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்க வேண்டும், தூளைக் கொதிக்கவிடக் கூடாது, பால் தனி, சர்க்கரை தனி, ஆறாமலிருக்கக் கம்பளித் தொப்பி போட்டு மூட வேண்டும் என்று சட்டம் போட்டார். கடைசியில் அவருடைய குரங்குக் குல்லாய்தான் கெட்டிலின் தலையில் ஏறியது. பால் கலக்காத டீயை எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் கொடுப்பார்கள். அம்மா அதையே அபசகுனம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுப் பொம்பளதான் ஊத்தணும்க்கா. கப்பு காலியானா பார்த்துக்கினு நிக்காத, அவங்களுக்குப் பேஜாராப்பூடும்," என்றார் மாமா.

துரை வந்தார். நாற்காலியில் அடங்காத உடம்பு. நான் கதவோரம் நின்றேன். வேற்று ஆண்பிள்ளை முன் நின்று பழகாத அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஊற்றினாள். அவர் குடித்தார். காலியானதும் மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தார். கெட்டில் தீரத் தீர மாமா உள்ளே போய்ச் சுடச்சுட நிரப்பிக் கொண்டுவந்தார். துரையின் முகம் சிவந்து வியர்வை ஒழுகியது. கோபம்தான் ஏறுகிறது என்று நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கடைசியில் அவர் கப்பின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். கேன்டீனில் நம் ஆட்கள் போதும் என்று இலை மேல் கையை வைத்து மறிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. ஆனால் மறித்த கையை நம்பி எந்த வீட்டில் பரிமாறுவதை நிறுத்துகிறார்கள்? வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு கரண்டி விழுந்தால்தான் உபசாரம். அம்மா பழக்கதோஷத்தில் கெட்டிலைச் சாய்த்துவிட்டாள்.

டீ அவ்வளவும் அவர் புறங்கையில் விழுந்தது.

துரை சடாரென்று எழுந்தார். கத்துவார், நைனாவை அடிப்பார், போலீஸ் வரும் என்றெல்லாம் பயந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய பூட்ஸ் கால்கள் வாசலைத் தாண்டிப் போவது மட்டும் தெரிந்தது.

"பூடுச்சி. எல்லாம் பூடுச்சி," என்று நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை அம்மா அடுப்பே மூட்டவில்லை. நைனா சிரித்துக்கொண்டே வந்தார். துரை கையில் கட்டோடு வந்திருந்தாராம். தன் ரூமில் தானே கெட்டிலைக் கவிழ்த்துக்கொண்டதாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

"நம்ம பேரையே எடுக்கல. வேலைக்கும் சொல்ட்டாரு."

"அய்ய, தொர பொய் சொல்லிக்கிறாரு!" என்று கூவிக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். அம்மா எட்டிப் பிடித்து என் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலேயே விம்மி விம்மி அழுதாள். அடி விழவில்லை, வேலையும் கிடைத்துவிட்டது, பொய் சொன்னதும் அவர்தான். இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.