மயில்துத்தப் பழி

செங்கேணி மேல் எங்கள் ஊர் போட்ட பழியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பதினைந்து வருடமாக எங்கள் வரப்பு வளைகளில் கையை விட்டு நண்டு பிடித்து விற்றுத்தான் செங்கேணி இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். நண்டு கடிக்காத விரல் அவளுக்குக் கிடையாது. எந்த வீட்டுப் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் நண்டு ரசத்துக்கு அவளைத்தான் தேடுவார்கள். வாசலோடு நிறுத்தி வாங்கிக்கொள்வார்கள், அது வேறு விஷயம்.

போன ஐப்பசியில் சுகுமாரின் மகள் இளமதி மதியம் நண்டு ரசம் குடித்தாள், சாயங்காலம் வாந்தி எடுத்தாள். சமைக்காமல் மிச்சம் வைத்த நண்டை அவள் அம்மா உடைத்து, கழுவாமல், வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தாள். பார்த்தால், கிண்ணத்தில் ஊறிய நீர் நீலம். நெல்வயலில் பாசி பிடித்தால் மயில்துத்தத்தை, அந்த நீலச் செம்பு உப்பை, சாக்கில் கட்டி மடைவாயில் போடுகிறவர்கள் நாங்கள். அந்த நீலம் எங்களுக்கு அத்துப்படி. துத்தம் போட்டு மயக்கித்தான் செங்கேணி நண்டு பிடிக்கிறாள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. நான் போய்ச் சேர்ந்தபோது சுகுமார் அவள் கூடையைத் தெருவில் கவிழ்த்திருந்தான்.

"இனிமே எங்க வரப்புல கால வெச்சே, நடக்கிறதே வேற!"

"மருந்து வெச்சா நண்டு செத்துப்பூடும் நைனா. நான் உசுரோடதானே குடுத்தேன்?" என்றாள் அவள். யார் காதிலும் ஏறவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். சும்மா இருக்க முடியுமா? "நம்ம ரத்தத்துல காத்தைச் சுமக்கிறது இரும்பு, அதான் சிவப்பு. நண்டுக்கு அந்த வேலைய செய்யறது செம்பு. காத்து பட்டா நீலமாய்டும். கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி, கடல்ல இருந்த அதோட மூதாதைங்களுக்கு வாய்ச்சது அது. காத்து கம்மியான சேத்துலயும் அதுவே போதுமாயிருக்கு, அதனால மாறல" என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

சுகுமார் சிரித்தான். "செம்புன்னா துத்தம்தானே? சுதாவே ஒத்துக்கினாங்க பாரு!"



செங்கேணிதான் முன்னால் வந்தாள். "உன் பம்புசெட்டாண்ட, உங்க வூட்டுக்குக் குடிதண்ணி எடுக்கிற வாய்க்கால்ல, நீயே ஒரு நண்ட புடி. நான் தொடமாட்டேன்."

வீம்புக்குப் போய்ப் பிடித்து வந்தான். வெள்ளைத் தட்டில் அவனே அதன் காலை உடைத்தான். முதலில் வெறும் தண்ணீர் போல வடிந்தது. கொஞ்ச நேரத்தில் வெளிறிய நீலமாகத் தேங்கியது. குடிதண்ணீரில் துத்தம் போட்டவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"சரி சரி, நாளைக்கு நண்டு எடுத்துனு வா" என்றான் சுகுமார். மன்னிப்புக்கு ஒரு சொல் கிடையாது.

"ஒங்க ஊருக்கு இனிமே நண்டு இல்ல. வாலாஜாபாத்ல வித்துக்கறேன்" என்று அவள் கூடையை எடுத்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"என் வீட்டுக்காவது கொண்டா, செங்கேணி."

அவள் நின்றாள். "நண்டு ரத்தத்துக்கு அம்மாம் நேரம் பேசினியே சுதாம்மா. இவ அப்படி செய்யமாட்டான்னு ஒரு வார்த்த சொன்னியா?"

நான் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவேயில்லை.