சண்முகவடிவின் வளையல் பெட்டியும் ஒற்றை ஷாக்கப்சரும்

"என் இடுப்பெலும்பு ரெண்டு துண்டாப் போச்சு. ஒரு துண்டு ரோட்டுல கெடக்கு, போய்ப் பொறுக்கிட்டு வாங்க."

தினமும் சாயங்காலம் புல்லட்டை விட்டு இறங்கியதும் சண்முகவடிவு புருஷனிடம் சொல்வது இதுதான். தனுஷ்கோடியும் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"வண்டியில ஒரு குத்தமும் இல்ல வடிவு. ரோடு அப்படி."

ரோட்டின் மேல் பழி போட்டால் செலவில்லை பாருங்கள்.

அருப்புக்கோட்டையில் அவர்களுக்கு வளையல் கடை. கடையில் உட்கார்ந்து விற்பது தனுஷ்கோடி. ஊர் ஊராகப் போய் வளைகாப்பு வீடுகளில் வளையல் போட்டுவிடுவது சண்முகவடிவு. இரண்டில் எதனால் அடுப்பு எரிந்தது என்று தெருவுக்கே தெரியும். பஸ் நெரிசலில் கண்ணாடி வளையலைக் கொண்டுபோக முடியாது என்றுதான் பழைய புல்லட் ஒன்றை வாங்கினார்கள். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, வைக்கோல் பரப்பிய தகரப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு அவர் போகாத கரிசல்காட்டு ஊர் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 1972இல், வண்டியின் பின்பக்க ஷாக்கப்சர் இரண்டும் ஓய்ந்துபோயின. ஒன்றில் எண்ணெயே வழிந்தது. சக்கரம் குழியில் இறங்கினால் அடி நேராகப் பெட்டிக்கு வந்தது. பந்தல்குடியில் ஒரு வளைகாப்பு வீட்டில் பெட்டியைத் திறந்தால், மேல் அடுக்கு முழுக்க நொறுங்கிக் கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சி கண் முன்னால் உடைந்த வளையலைக் காட்டலாமா? வீட்டுக்காரர்கள் பெட்டியை மூடி, கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் திருச்சுழியில் முத்துமாரியம்மாள் வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு. நிலபுலம் நிறைந்த பெரிய சம்சாரி வீடு. அங்கேயும் உடைந்தால், அந்த ரோட்டில் ஒரு வீடும் இனிமேல் சண்முகவடிவைக் கூப்பிடாது.

"வண்டியை நீங்க சோலைகிட்ட விடுறீகளா, நான் தள்ளிக்கிட்டுப் போகவா?"

தள்ளிக்கொண்டு போகிற ஆள்தான். தனுஷ்கோடி உடனே கிளம்பினார்.

மெக்கானிக் சோலை குனிந்து பார்த்துவிட்டு, "மாத்துனா சோடியா மாத்தணும் அண்ணாச்சி" என்றார்.

"ஒழுகுறது ஒண்ணுதானலே. நல்லா இருக்கறதை எதுக்குக் கழட்டுற?"

கடைக்காரப் புத்தி. டஜனில் ஒரு வளையல் உடைந்தால் அந்த ஒன்றைத்தானே மாற்றுகிறோம் என்ற நினைப்பு. சோலையும் ஒன்றை மட்டும் மாட்டிக் கொடுத்தார்.

சண்முகவடிவு வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. விலைபோகாத வளையல்களைப் பெட்டியில் அடுக்கி, "திருச்சுழி ரோட்டுல கொஞ்சம் போய்ட்டு வருவோம்" என்று ஏறி உட்கார்ந்தார். முதல் பாலத்து மேட்டிலேயே தெரிந்துவிட்டது. புதியது தாங்கியது, பழையது தாங்கவில்லை. பின்சக்கரம் ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ள, குடித்தவன் மாதிரி ஆடிய வண்டி உடைமரத்து ஓரம் போய் நின்றது. பெட்டிக்குள் சலசலவென்று சத்தம்.

"இந்த ரோடு..." என்று ஆரம்பித்தார் தனுஷ்கோடி.

"ரோட்டைச் சொன்னீகன்னா பெட்டியை உங்க தலையில கவுத்துருவேன். ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல வாரு அந்துபோன செருப்பு. போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்து காட்டுங்க, பாப்போம்."

"நல்ல சாமான் வடிவு..."

"அந்த நல்ல சாமானைக் கழட்டி உங்க கடை நாக்காலியில மாட்டுங்க. ஆடிக்கிட்டே யாவாரம் பாக்கலாம்."

திரும்பிச் சோலையிடமே போனார்கள். அவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். ஆணியில் இன்னொரு புது ஷாக்கப்சர் தொங்கியது.

"மதுரையில சோடியாத்தான் குடுத்தாக அண்ணாச்சி. எப்படியும் வருவீகன்னு மாட்டி வச்சேன்."

"முன்னாலயே அழுத்திச் சொல்றதுக்கு என்னலே?"

"அக்கா சொன்னாத்தான உங்க காதுல ஏறும்."

வளைகாப்பு அன்று முத்துமாரியம்மாள் வாசலிலேயே மறித்தார். பந்தல்குடிச் சேதி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"தொறந்து காட்டிட்டு உள்ள வா தாயி."

சண்முகவடிவு பெட்டியைத் தரையில் வைத்து வைக்கோலை விலக்கினார். தனுஷ்கோடி வண்டியைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மா ஒவ்வொரு அடுக்காக விரல் விட்டுத் தடவினார். பச்சை, சிவப்பு, கடைசி அடுக்கில் நீலம். ஒரு கீறல் இல்லை.

"ஊருல என்னத்தையாவது பேசுவாளுக. நீ வா தாயி."

மருமகளுக்கு வேப்பிலைக் காப்பு போட்டு, இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி, வந்திருந்த பெண்களுக்கெல்லாம் போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கிளம்பும்போது பக்கத்து வீட்டு ராக்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாசியில எங்க மகளுக்கு. நீங்கதான் வரணும். வேற ஆளைக் கூப்பிட மாட்டேன்."

கடை இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் வளைகாப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தரம் சண்முகவடிவைப் போய்ப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை போங்கள், அன்றைக்கு யாரும் வளைகாப்பு வைக்க மாட்டார்கள், ஆள் கடையில் இருப்பார். கையைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லுவார். பேரம் மட்டும் பேசிவிடாதீர்கள்.