அம்மனுக்குப் போன ராஜா முகம்

எங்கள் பீரோவில் ஒரு ராஜா இருந்தார். உள்ளங்கை அகல வெள்ளி மெடலில், தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக. பாட்டுக்கும் கூத்துக்கும் வாரிக் கொடுத்தவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய மணிவிழாவுக்கு அடித்த மெடல் அது. அன்றைக்குச் சபையில் மிருதங்கம் வாசித்த என் பூட்டனுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கம் ஒரு வீணை, அதன் கீழே பூட்டனுடைய பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். அப்படி ஒரு மனுஷன் இருந்தான், வாசித்தான் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. ஒரு போட்டோகூட இல்லை.

அந்த அரண்மனையில் வாசித்தவர்களைப் பற்றி ஒரு பேராசிரியை புத்தகம் எழுதுகிறார். வாய்வார்த்தையை வைத்துச் சேர்க்க முடியாது, மெடலைக் கண்ணால் பார்த்துவிட்டால் பூட்டன் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கே வந்து, கேமராவோடு உட்கார்ந்தார்.

பீரோவைத் திறந்தேன். டப்பா இருந்தது, மெடல் இல்லை. சேலைகளை எல்லாம் இழுத்துக் கீழே போட்டேன். செல்லில் ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்பீர்கள். பீரோவில் இருக்கிற பொருளை யார் படமெடுக்கிறார்கள்?

அம்மா விருந்தாளிக்குப் போளித் தட்டோடு வந்தாள். நான் உருட்டுவதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: “அதத் தேடாதலே. அம்மனுக்குப் போட்டாச்சு.”

போன மழைக்காலத்தில் எனக்கு முகவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, இடது கண் மூட மறுத்தது. நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். ‘பாடம்’ என்று சொன்னால் முன்பெஞ்சில் எச்சில்தான் தெறித்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், பிசியோதெரபிக்கு அனுப்பினார், மூன்று மாதத்தில் சரியானது. அம்மா தன் பங்குக்கு ஓட்டப்பிடாரம் பக்கத்து அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். கண்ணில் கோளாறு என்றால் வெள்ளித் தகட்டில் கண், காலில் என்றால் கால் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு முகம் போட வேண்டும். கடையில் விற்கிற தகடு ஊதினால் பறந்துவிடும் போலிருந்ததாம். வீட்டிலேயே அசல் வெள்ளியில், கண்ணும் மூக்கும் மீசையுமாக ஒரு முகம் இருக்கும்போது வெளியே ஏன் வாங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

என்னால் நம்பவே முடியவில்லை. கோயில் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எழுத்தர் பொறுமையாகத்தான் பேசினார். உண்டியல் திறந்தாகிவிட்டது, தகடுகளோடு சேர்த்து வெள்ளி மொத்தமும் உருக்கியாகிவிட்டது என்றார். நூறு வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்த பொருள், நான் முகம் கோணிப் படுத்திருந்தபோது வீட்டை விட்டுப் போயிருக்கிறது.

பேராசிரியை கேமராவைப் பைக்குள் வைத்தார். பின்னால் எழுத்து இருந்ததைக் கவனிக்கவில்லையா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“பாக்காம போடுவனா? நம்ம வீட்டுப் பெரியவுக பேரு, ஊரு எல்லாம் இருந்துச்சே,” என்றாள் அம்மா. “அதனாலதான் போட்டேன். கடையில வாங்குத மொகத்துல யாரு பேரு இருக்கு? எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கேக்கேன்னு அம்மனுக்குத் தெரியாண்டாமா?”

பேராசிரியை கையிலிருந்த நோட்டைத் திறக்காமலே எழுந்தார். பூட்டன் பெயர் இனி எந்தப் புத்தகத்திலும் வராது. எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. அம்மா என் கன்னத்தைத் தொட்டு, இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.