ஜூலையில் கேட்ட பெப்ரவரி

அந்த ஜூலை முழுவதும் என் வேலை பெப்ரவரியைக் கேட்பது.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. தார் பூசிய தட்டைக் கூரைக்குக் கீழே வெயில் வந்து குடியேறினால் இலேசில் எழும்பிப் போகாது. மின்விசிறி ஒன்று என் கழுத்துக்கும் அப்பாவின் முழங்காலுக்கும் இடையே மாறி மாறித் திரும்பிக்கொண்டிருக்கும். என் காதுக்குள்ளே மட்டும் பனி கொட்டும். மலைப்பாதையில் எங்கே வழுக்கும், எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று ஒரு குரல் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கும். கை தன்பாட்டில் போர்வையைத் தேடும்.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு, சிறு வானொலிகளுக்கு உரிமக் கோவை தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கோடைக்கால வேலை கிடைத்திருந்தது. எனக்குத் தந்தது ஒரேயொரு நிலையம். கிழக்கே, ஆறு கடலைப் போல அகன்றுபோகிற பக்கத்தில் மலைகள் தொடங்குகின்றன. அந்த மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதற்குள் ஒரு பிரெஞ்சு வானொலி. நான் அங்கே போனதே இல்லை.

இந்த நாட்டில் வானொலி உரிமம் என்பது கம்பம் நட்டுக்கொள்ள அனுமதி மட்டுமல்ல. எவ்வளவு பிரெஞ்சுப் பாட்டுப் போடுவேன், எவ்வளவு பேச்சு, அந்தப் பேச்சில் எவ்வளவு உள்ளூர்ப் பேச்சு என்றெல்லாம் கொடுக்கிற வாக்கு அது. உரிமத்தைப் புதுப்பிக்கிற காலம் வந்ததும், உரிமம் கொடுக்கிற ஆணைக்குழு தனக்குப் பிடித்த ஒரு வாரத்தைக் காட்டி, அந்த வாரம் நீங்கள் ஒலிபரப்பிய எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்று கேட்கும். எங்கள் நிலையத்துக்கு விழுந்தது பெப்ரவரியில் ஒரு வாரம். அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டு, இது பாட்டு, இது விளம்பரம், இது உள்ளூர்ப் பேச்சு என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் பெயர் வைப்பதுதான் என் வேலை.

தோழிகள் சிரித்தார்கள். எனக்கோ அந்த விதிகளை வாசிக்கும்போதே உள்ளுக்குள் ஒரு துள்ளல். யோசித்துப் பாருங்கள், ஒரு பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் தங்கள் மொழியில் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கதைக்காவிட்டால் உரிமம் போய்விடும். இதைவிட இனிமையான சட்டத்தை நான் படித்ததில்லை.

ஆனால் முதல் நாளே நிலையத்தின் இயக்குநர் தொலைபேசியில் என் துள்ளலை அடக்கிவிட்டார். அவர் கதைத்தது மலைப்பக்கத்துப் பிரெஞ்சு. பள்ளிக்கூடத்தில் நான் படித்த பிரெஞ்சுபோல அது காதில் நிற்காது. நேரே உள்ளே போய் எங்கள் வீட்டுத் தமிழாக இறங்கிவிடும். அப்படியே எழுதுகிறேன்.

“போன முறையும் உள்ளூர்ப் பேச்சுக் குறைஞ்சு எச்சரிக்கை வாங்கினனாங்கள், பிள்ளை. இந்த முறையும் குறைஞ்சால் விசாரணைக்குக் கூப்பிடுவினம். லைசன்ஸ் கிடையாது. பேந்து கடையைப் பூட்டுறதுதான்.”

“பூட்டினால் அங்க வேற ரேடியோ எடுக்காதோ?”

“மலை விடாது. பட்டணத்து ரேடியோ எல்லாம் இஞ்ச வரமுதலே செத்துப்போகும்.”

அந்த வாரத்தின் திங்கட்கிழமையிலிருந்து தொடங்கினேன். காணாமல்போன நாய். நூலகம் திறக்கும் நேரம். யாரோ காய்ந்த விறகு விற்கிறார்கள், ஏற்றிப்போக வண்டி நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். காலை அறிவிப்பாளன் என் வயதுக்காரன்போல இருந்தான்; இளகிய, அவசரமில்லாத குரல். அம்மா சமைக்கிற கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்ததால் அவரும் வீட்டில்தான். இரண்டு நாளில் நான் காதுக்கருவியைக் கழற்றி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன். எங்கள் சமையலறைக்குள் அந்தப் பள்ளத்தாக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருமுறை குரல் தாழ்ந்து நிதானமாக வந்தபோது, அம்மா பயற்றங்காயை முறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஆரோ மோசம் போயிட்டினமோ?”

“இல்லையம்மா. றோட்டுப் பூட்டியாம்.”

“அதுக்கேன் இந்தக் குரல்? எங்கட தமிழ் ரேடியோவில இப்பிடிக் கதைச்சால் மரண அறிவித்தல் எண்டு அரைவாசிச் சனம் அழத் தொடங்கியிடும்.”

அந்தப் பெப்ரவரிப் புதன்கிழமை புயல். மலைக்கு மேலால் வரும் ஒரே பாதை மூடப்பட்டுவிட்டது. காலை அறிவிப்பாளனை மாற்றிவிட வரவேண்டியவர் மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். காலையில் தொடங்கியவன் மத்தியானத்துக்குப் பிறகும் தனியே கதைத்துக்கொண்டிருந்தான். எந்த வீட்டில் மின்சாரம் இல்லை, எந்தத் தெருவில் கார் புதைந்திருக்கிறது என்று தொலைபேசி அழைப்புகள் ஓயவில்லை. குரல் நூலாகிக்கொண்டே போனது. கடைசியில், கொஞ்ச நேரம் எல்லோருமாகக் காற்றைக் கேட்போம் என்றான். சன்னல் திறக்கும் சத்தம். ஒலிவாங்கியை அதன் பக்கம் தள்ளிவைக்கும் சத்தம். பிறகு காற்று.

என்ன காற்று அது. ஒரு மலையில் தட்டி, மற்ற மலையிடம் போய், திரும்பி வந்து எங்கள் சமையலறையைச் சுற்றியது. செயின்ட்-மிஷேல் பேக்கரியில் விடியமுதலே தொடங்குகிற வேலையிலிருந்து வந்திருந்த அப்பா தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். அந்தக் காற்றில் அவர் அப்படியே கரைந்து குறட்டை விடத் தொடங்கினார். சுவர்களே கொஞ்சம் நீலமாகிவிட்டதுபோல எனக்கு இருந்தது. வெளியே யாரோ தோட்டத்துக் குழாயால் காரைக் கழுவுகிறார்கள், பக்கத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு கத்துகிறார்கள்; எல்லாம் வேறொரு நாட்டில் நடப்பதைப்போல.

“இது என்ன, பாட்டோ?” என்றார் அம்மா.

“காத்து.”

“காத்தைக் கேக்கிறதுக்கோ உனக்குச் சம்பளம் தருகினம்?”

“ஓம்.”

“எனக்கும் ஒரு வேலை எடுத்துத் தா.” பிறகு காதைக் கூர்மையாக்கினார். “இஞ்ச, இரண்டாவது குறட்டை ஆர்?”

அப்பாவைப் பார்த்தேன். அவர் விடும் மூச்சும் கேட்கும் மூச்சும் பொருந்தவில்லை. இரண்டாவது, ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. பள்ளத்தாக்கு முழுவதற்கும் கேட்க அறிவிப்பாளன் நித்திரையாகிவிட்டிருந்தான்.

முதலில் நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு என் சிரிப்பு நின்றது. காற்று நின்றபாடில்லை. நித்திரையும்தான். ஒரு பிற்பகலின் பெரும்பகுதியை மௌனம் என்று எழுதினால் அந்த வாரத்தின் உள்ளூர்ப் பேச்சு நிச்சயமாகக் குறையும். இயக்குநர் சொன்ன விசாரணை, பூட்டிய கதவு, மலைகளுக்கு நடுவே ஒன்றுமே எடுக்காத வானொலிப் பெட்டிகள் எல்லாம் ஒரே நொடியில் என் கண்ணுக்குள் வந்தன.

காதுக்கருவியை மாட்டி ஒலியைக் கூட்டினேன். காற்றுக்கு அடியில் ஏதோ இருந்தது. இன்னும் கூட்டினேன். ஒரு பெண்ணின் குரல். தொலைபேசிக்குள்ளிருந்து, மிக மெல்லியதாக. தூங்கும்போது அவன் ஓர் அழைப்பை ஒலிபரப்போடு இணைத்தபடியே விட்டிருந்தான்.

“பெடியன் நித்திரையாப் போனான்,” என்றது அந்தக் குரல். “ஒருத்தரும் எழுப்பாதேங்கோ. விடியத் தொடக்கம் கதைச்சுக் களைச்சுப்போனான். இதை அவனுக்குச் சொல்லவும் வேண்டாம், வெக்கப்படுவான். என்ரை கடை யன்னலால றோட்டுத் தெரியுது. தெரியிறதை நான் சொல்லுறன்.”

மலையடிவாரத்தில் தெப்பனர் என்கிற மூலைக்கடை நடத்துகிற பெண். அவர் சொன்னார். பனி வழிக்கும் வண்டி மேலே போயிருக்கிறது, இன்னும் இறங்கவில்லை. பள்ளிப் பேருந்துப் பிள்ளைகள் தேவாலய மண்டபத்தில் இருக்கிறார்கள், ஒருவரும் குறையவில்லை, சாப்பிட்டும் ஆயிற்று. வீட்டில் சூடு இல்லாதவர்கள் கடைக்கு வரலாம், சூப் இருக்கிறது. உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது, யாரும் குறை சொல்லக்கூடாது. இடையிடையே பனி விழுவதையே சொன்னார். இப்போது சாய்ந்து விழுகிறது, இப்போது மேலே போகிறதைப்போல இருக்கிறது என்று. அவசரமே இல்லை. அவன் மூச்சும் காற்றும் அவருடைய குரலும் ஒன்றுக்குள் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பள்ளத்தாக்கையே யாரோ தொட்டிலில் போட்டு ஆட்டுவதைப்போல.

நான் எழும்பிக் குதித்தேன். உள்ளூர்ப் பேச்சு! இதைவிட உள்ளூர்ப் பேச்சு எங்கே கிடைக்கும்? உடனே இயக்குநரை அழைத்தேன்.



“தெரியும்,” என்றார். “இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது. அண்டைக்கு நீ போட்ட காத்து நல்லாயிருந்தது எண்டு கடையிலயும் சொல்லுவினம், தேவாலயத்திலயும் சொல்லுவினம். அவ்வளவுதான்.”

“அப்ப இதைப் பேச்சு எண்டு போடுறன்.”

“ஏலாது, பிள்ளை. எங்கட ஆள் ஒருத்தர் பொறுப்பில இருக்கேக்க நடந்தால்தான் அது எங்கட நிகழ்ச்சி. நித்திரையில இருக்கிறவன் என்னத்துக்குப் பொறுப்பு? இந்தக் கோவை எல்லாரும் பாக்கிற கோவை. நித்திரை எண்டு எழுதினால் ஒலிபரப்பு ஒருத்தற்றை கையிலயும் இருக்கேல்லை எண்டு பிடிப்பினம். அவனுக்கும் மானம் போகும். எழுதாமல் மௌனம் எண்டு விட்டால் பேச்சு நேரம் காணாது.”

வெள்ளிக்கிழமை கோவை போகவேண்டும். நான் சமையலறையில் நடந்துகொண்டே இருந்தேன்.

“ஊரே சேந்து மூடி வைச்சிருக்குது,” என்றார் அம்மா. “நீ இஞ்ச மொன்றியலில இருந்து அவிழ்க்கப் போறியோ?”

“அவிழ்க்காட்டில் ரேடியோவே போயிடும், அம்மா.”

“அப்ப கெதியா அவிழ். நடந்து நடந்து கீழ்வீட்டுக்காரனை மேல வரப்பண்ணாத.”

அவனை அழைத்தேன். அந்த வாரம் முழுவதும் என் காதுக்குள் இருந்த குரல் இப்போது எனக்கே “அலோ” சொன்னபோது, ஒரு கனவிலிருந்த ஆள் கதவைத் தட்டியதுபோல இருந்தது. அவன் வேலையைப்பற்றிச் சுற்றிவளைத்துக் கதைத்தேன். பிறகு முடியாமல் சொல்லிவிட்டேன்: புதன்கிழமை, காற்று, நித்திரை, அந்தப் பெண்.

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

“எனக்குத் தெரியும்,” என்றான். “நான் இடையில எழும்பியிட்டன்.”

“எழும்பியோ?”

“ஓம். காதில அவவின்ரை குரல். நான் வாய் திறந்தால் அவ நிப்பாட்டியிடுவா. என்னைவிட அவ நல்லாச் சொல்லிக்கொண்டிருந்தா. கையைப் பொத்தானில வைச்சுக்கொண்டு, பிழையா ஏதும் வந்தால் மூடுவம் எண்டு பாத்துக்கொண்டு, நித்திரை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன்.”

“பேந்து ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?”

“எனக்குச் சொல்லக்கூடாது எண்டு அவ எல்லாரிட்டையும் கேட்டிருக்கிறா. எல்லாரும் வாக்கைக் காப்பாத்துகினம். நான் எப்பிடிப் போய், எனக்குத் தெரியும் எண்டு சொல்லுறது?”

கையைப் பொத்தானில் வைத்திருந்தான். அப்படியென்றால் ஒலிபரப்பு அவன் பொறுப்பில்தான் இருந்தது. நான் மூச்சுவிடாமல் அதை விளக்கினேன்: நீ விழித்திருந்தாய் என்று எழுதித் தந்தால் போதும், எழும்பிய நேரத்திலிருந்து எல்லாம் பேச்சாகிவிடும், உரிமம் தப்பிவிடும். ஆனால் எழுதினால் கோவையில் வரும், பள்ளத்தாக்கு முழுவதும் வாசிக்கும்.

“எழுதித் தாறன்,” என்றான். “ஆனால் அவ அதைப் பேப்பரில வாசிக்கக்கூடாது. முதல் நான் போய்ச் சொல்லவேணும். நாளை வரைக்கும் பொறு.”

மறுநாள் மெட்ரோவில் நிற்கும்போது கைபேசியில் அவனுடைய செய்தி வந்தது. கடைக்குப் போயிருக்கிறான். பாலும் பாணும் வாங்குகிற சாட்டில் நின்று, ஆட்கள் போனபிறகு சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் மிச்சக்காசை எண்ணிக்கொண்டே, அவன் எழும்பியது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாராம். மூச்சு மாறியதாம். தொலைபேசியில் கேட்டதாம்.

பதிவில் அந்த இடத்தைத் தேட வீட்டுக்கு ஓடினேன். அவரால் கேட்க முடிந்தது எனக்குக் கேட்காமலா போகும்? மூன்று தரம் தவறவிட்டேன். நாலாம் தரம் கிடைத்தது. மலையில் இரண்டு விளக்குத் தெரிகிறது, வண்டி இறங்குகிறது என்று அவர் சொல்கிற இடம். அந்தச் சொல்லோடு குறட்டை அறுந்தது. கொஞ்சநேரம் வெறும் காற்று. அவரும் நிறுத்தினார். பிறகு ஒரு மூச்சு வருகிறது. நித்திரையின் மூச்சு இல்லை, நித்திரை மாதிரி விடுகிற மூச்சு. “சரி,” என்கிறார் அவர், யாருக்கென்று இல்லாமல், தொடர்ந்து சொல்கிறார். அதுவரை ‘பெடியன்’ என்று அவனைப்பற்றி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு அவனைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவனுக்குக் கதை சொல்வதைப்போலக் குரல் கிட்ட வந்துவிட்டது.

அந்த மூச்சு வரைக்கும் மௌனம் என்று எழுதினேன். அந்த மூச்சிலிருந்து உள்ளூர்ப் பேச்சு, பிரெஞ்சு, அறிவிப்பாளர் பொறுப்பில் என்று எழுதி, அவன் எழுதித் தந்ததையும் சேர்த்தேன். கூட்டிப் பார்த்தபோது மயிரிழையில் போதுமாக இருந்தது. வெள்ளிக்கிழமை கோவை போனது.

முடிவு வந்தபோது மொன்றியலிலும் பனி. கோடைக்கால வேலை எப்போதோ முடிந்து நான் வேறெங்கோ வேலைக்கு மனுப்போட்டுக்கொண்டிருந்தேன். முழுத் தவணைக்கும் உரிமம் கொடுத்திருந்தார்கள். அடுப்படியில் நின்ற அம்மாவிடம் சொன்னேன்.

“குடுத்திட்டினமோ? நல்லது.” கறியைத் துழாவிக்கொண்டே கேட்டார், “இப்ப என்ன சொல்லுகினம் அங்க?”

கைபேசியில் அந்த நிலையத்தைப் போட்டேன். யாரோ ஒருவருடைய ஒரு கையுறை தபால் நிலைய வாசலில் கிடக்கிறதாம். சிவப்பு, இடது கை, சின்னப் பிள்ளையினுடையது.

அம்மா அடுப்பைத் தணித்தார்.

“கொஞ்சம் கூட்டி வை,” என்றார்.