படத்தில் வராத மேடு

போன வருடம் ஏப்ரல் மாதம், தேனியிலிருந்து கம்பம் போகிற வழியில் இருக்கும் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. அங்கே நான் பரீட்சை எழுதப் போயிருந்தேன்.

முதலில் இந்த வயதில் என்ன பரீட்சை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கும்போதே கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணக் கூத்தில் கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வு ஒன்று மட்டும் அரியர் விழுந்தது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று பழனிசெட்டிபட்டிக்கு வாழ வந்தேன். அந்த 'அப்புறம்' இருபது வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டது. எனக்கு அவ்வளவுதான் படிப்பு வரும்போல என்று நானே ஒரு முடிவுக்கும் வந்துவிட்டேன்.

பட்டம் இல்லை என்று தெரிந்துதான் பக்கத்தில் ஒரு பள்ளியில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு. போன வருடம் புதுத் தாளாளர் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கறார். "பட்டம் இல்லாதவங்க இனிமே வகுப்புக்குப் போகக் கூடாது. ஜூன் மாசத்துக்குள்ள சர்டிபிகேட் கொண்டாங்க. இல்லாட்டி ஆபீஸ்ல பீஸ் வாங்குற கவுண்டரைப் பார்த்துக்கங்க" என்றார். சம்பளம் குறையாது என்றும் சொன்னார். எனக்குச் சம்பளமா பெரிசு? பின்னக் கணக்கைப் பார்த்து மிரளுகிற பிள்ளைக்கு அது சட்டென்று பிடிபடும்போது ஒரு முகம் வருமே, அதைப் பார்க்காமல் கவுண்டரில் உட்கார என்னால் முடியாது.

அந்தச் சமயத்தில்தான் பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தது. விட்டால் அவ்வளவுதான், இனி கிடையாது. ஆனால் நான் படித்த பழைய பாடமே இப்போது இல்லையாம். அதற்குப் பதிலாக 'கணித மென்பொருள் செய்முறை' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். எக்ஸ் வைத்து எழுதுகிற சார்பை அடித்துக் கொடுத்தால் அந்த மென்பொருளே வகையிட்டுத் தரும், அதுவே வரைபடமும் போட்டுக் காட்டும். நாங்கள் படித்த காலத்தில் வகையிடல் என்றால் பேனாவும் தாளும்தான். வரைபடம் என்றால் கட்டம் போட்ட கிராஃப் ஷீட்.

என் கணவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். பில் போடுகிற கம்ப்யூட்டரில் அந்த இலவச மென்பொருளை இறக்கி, மத்தியான நேரத்தில் கடையிலேயே உட்கார்ந்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் முழுக்கத் திட்டு வாங்கினேன், மென்பொருளிடம். நாம் 2x என்று எழுதினால் மனுஷருக்குப் புரியும். அதற்குப் புரியாது. நடுவில் பெருக்கல் குறியாக ஒரு நட்சத்திரம் போட வேண்டும். போடாவிட்டால் சிவப்பில் பிழை என்று கத்தும். "என்னத்தா, இன்னைக்கும் சிவப்பாத் திட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அலை மாதிரி ஏறி இறங்குகிற சைன் வரைபடத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருகிப்போன மோட்டாரோடு வந்திருந்த ஒரு தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க தோட்டத்துல வோல்டேஜ் அச்சு அசல் இப்படித்தான்க்கா வருது. ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க, கரண்ட் ஆபீஸ்ல காட்டணும்" என்றார். இது வேற என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வகையிடல் எனக்குப் பழைய பழக்கம், அதனால் சீக்கிரம் பிடிபட்டது. வகையிட்டால் கோட்டின் சரிவு கிடைக்கும். சரிவு பூஜ்ஜியமாகிற இடத்தில்தான் மேட்டின் உச்சியும் பள்ளத்தின் அடியும் இருக்கும். மென்பொருள் சொல்வதற்கு முன்னால் நானே கையால் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அதன் விடையோடு சரி பார்ப்பேன். வரைபடம்தான் புதுசு. எக்ஸ் எங்கிருந்து எங்கே வரைக்கும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். வீடியோவில் மைனஸ் ஐந்திலிருந்து ஐந்து வரை என்று போட்டார்கள். நானும் எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன், எல்லாமே அழகாக வந்தது.

கணவர் ஒருநாள் கேட்டார், "அதென்ன எதை எடுத்தாலும் அஞ்சு அஞ்சுன்னே போடுற?"

"அது அப்படித்தான் போடணும். நீங்க மோட்டாரைப் பாருங்க."

"சரித்தா, எனக்கெதுக்கு வம்பு" என்று திரும்பிக்கொண்டார்.

பரீட்சை அன்றைக்கு நல்லதாக ஒரு சேலை கட்டி, கண்ணாடி போட்டு, ஹேண்ட்பேக்கோடு பஸ் ஏறினேன். முன்பின் தெரியாத கல்லூரி. கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம், லேப் மாடியில இருக்கு" என்றார். மாடியில் காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் படக்கென்று எழுந்து குட் மார்னிங் சொன்னார்கள். வாத்தியார் புத்தி போகுமா? "குட் மார்னிங், உட்காருங்க" என்று நானும் தலையாட்டிவிட்டுப் போனேன். லேப் அசிஸ்டென்ட் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டார். பீங்கான் கப்பில் டீ, தட்டில் பிஸ்கட். வயசானவர்களை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறார்கள், பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு பாதி டீயைக் குடித்துவிட்டேன்.

அவர் சீல் வைத்த ஒரு கவரைக் கொண்டுவந்து, "மேடம், கொஸ்டின் பேப்பரைப் பிரிச்சுருவமா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹேண்ட்பேக்கிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. அதே நேரம் வாட்ச்மேன் ஒரு பொண்ணைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். சுடிதார், கையில் ஹெல்மெட், முப்பது வயது இருந்தால் அதிகம். "ஹால் டிக்கெட் எங்கன்னு கேட்டா, நான்தான் எக்ஸ்டர்னல்ங்குது இந்தப் பிள்ள. எக்ஸ்டர்னல் மேடம் அப்பவே வந்துட்டாக, அங்கன உட்கார்ந்து டீ குடிக்கிறாகன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குது" என்றார்.

வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்த உண்மையான எக்ஸ்டர்னல் அந்தப் பொண்ணுதான். பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். லேப் அசிஸ்டென்ட் பிஸ்கட் தட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். எடுப்பதா விடுவதா என்று அவருக்குக் குழப்பம். என் மானம் கப்பலேறிவிட்டது. எழுந்து இறங்கிப் போய், வருகிற பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றே நினைத்தேன். பீஸ் கவுண்டர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஓடியது.

அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு, "பரீட்சை எழுத வந்தீங்களா மேடம்? நல்லது. டீயைக் குடிச்சு முடிங்க, ஆறிரும். நான் அதுக்குள்ள கவரைப் பிரிக்கிறேன்" என்றது. பிள்ளைகள் பக்கம் திரும்பி ஒரு பார்வை. சிரிப்பு நின்றுவிட்டது. நான் மிச்ச டீயைக் குடித்தேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. கப்பை வைத்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு கேள்வி. முதல் கேள்வியைச் சுலபமாக முடித்துவிட்டேன். இரண்டாவது ஒரு முப்படிச் சார்பு. வகையிட வேண்டும், உச்சியும் அடியும் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், வரைபடம் போட்டு அதில் இரண்டையும் குறித்துக் காட்ட வேண்டும். நட்சத்திரம் எல்லாம் கவனமாகப் போட்டு அடித்தேன். எக்ஸ் பத்தில் உச்சி, முப்பதில் அடி என்று விடை வந்தது. படத்தைப் போட்டேன். கீழே இருந்து மேலே போகிற ஒரே கோடு. லேசாக முதுகு வளைந்திருந்தது, அவ்வளவுதான். மேட்டையும் காணோம், பள்ளத்தையும் காணோம்.

மறுபடி போட்டேன். அதே கோடு. கணக்கு மேடு இருக்கிறது என்கிறது, படம் இல்லை என்கிறது. இன்னும் பத்து நிமிஷம் என்று அறிவித்துவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எக்ஸ்டர்னல் என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து போய்விட்டது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கண்ணுக்குத் தெரிகிறதைத்தானே யாரும் நம்புவார்கள்? படம் எதிரே நிற்கிறது, அப்படியானால் கணக்குதான் தப்பு. இருபது வருடம் விட்டுப்போனவளுக்கு வேறு என்ன வரும் என்று என் மேலேயே எரிச்சல். வகையிட்ட வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து, அழிப்பதற்கு விரலைக் கொண்டுபோய்விட்டேன்.

கடையில் பழகின பழக்கம் அப்போது காப்பாற்றியது. அழிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை கையால் போட்டுப் பார்ப்போம் என்று தாளை இழுத்தேன். நாலே வரி. பத்து, முப்பது. அட, கணக்கில் தப்பே இல்லை! அப்படியானால் தப்பு படத்தில் இருக்க வேண்டும். படத்துக்கு நான் என்ன சொன்னேன் என்று மேலே பார்த்தேன். மைனஸ் ஐந்து, ஐந்து. "அதென்ன எதை எடுத்தாலும் அஞ்சு அஞ்சு" என்று அவர் கேட்டது காதில் விழுந்த மாதிரி இருந்தது. பத்தில் இருக்கிற மேடு ஐந்தோடு நிறுத்தினால் எப்படித் தெரியும்? கம்பத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, வீரபாண்டியிலேயே இறங்கி நின்றுகொண்டு கம்பத்தைக் காணோம் என்று தேடினால் ஆகுமா?

பூஜ்ஜியத்திலிருந்து நாற்பது வரை என்று மாற்றினேன். கோடு சரசரவென்று ஏறி, பத்தில் உச்சிக்குப் போய், இறங்கி, முப்பதில் தரையைத் தொட்டு, மறுபடி ஏறியது. போன உயிர் திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

கடைசியில் வைவா, வாய்மொழிக் கேள்வி. என் தாளைப் பார்த்துவிட்டு எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"கணக்கு ஒண்ணு சொல்லுச்சு, படம் ஒண்ணு சொல்லுச்சு. நான் பின்னால நின்னு பார்த்தேன். எதை நம்புனீங்க மேடம்?"

"கணக்கை நம்புனேன் மேடம். அதை நானே கையால போட்டுப் பார்த்தேன்."

"அப்ப படம் பொய் சொல்லுச்சா?"

"இல்ல மேடம். நான் காட்டச் சொன்ன இடத்தைத்தான் அது காட்டுச்சு. அம்புட்டு தூரம் போதும்னு சொன்னது நான்தான்."

அந்தப் பொண்ணு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. கையால் மறைத்துக்கொண்டு மார்க்கை எழுதியது. நான் எழுந்து கிளம்பும்போது, "என் டீயைக் குடிச்சுட்டீங்க. எங்கயாச்சும் பார்த்தா எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்" என்றது. இன்னும் எங்கேயும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், பரீட்சையில் பாதி மார்க் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. மே கடைசியில் தேர்ச்சி என்று முடிவு வந்தது. தற்காலிகச் சான்றிதழைத் தாளாளர் மேசையில் வைத்தபோது அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஜூனில் அதே ஐந்தாம் வகுப்பு, அதே பின்னம், மிரள்வதற்குப் புதுப் பிள்ளைகள்.

எனக்கு இதற்கு மேல் படிப்பு வராது என்று இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததும் ஐந்தோடு நிறுத்திவிட்டுப் பார்த்த படம்தான். மேடு எனக்காகப் பத்தாம் இடத்தில் பேசாமல் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.